செஃபலூவில் ஒரு நாள்: அம்மாவின் முழங்காலும் பிள்ளைகளின் கடலும்

ஜூலை மூன்றாம் வாரம் பாரிஸிலிருந்து இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் இருக்கும் மச்சாள் வீட்டுக்கு வருகிறீர்கள். 6 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் நோ, மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவார். ஒரே ஒரு நாள் கடற்கரை ஊருக்குப் போக வேண்டும், செஃபலூ சரிவருமா, கார் எடுப்பதா ரயிலில் போவதா, அங்கே என்ன பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

செஃபலூ சரிவரும். ரயிலில் போங்கள். மலை ஏறுவதை விட்டுவிடுங்கள். இவற்றை விட முக்கியமான ஒன்று இருக்கிறது: காலையில் ஊர், பின்னேரம் கடல். இந்த வரிசையை மாற்றினால் பன்னிரண்டு மணிக்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போய்விடும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஏன் செஃபலூ? பலெர்மோக்காரர்களின் சொந்தக் கடற்கரை மொண்டெல்லோ. நகரப் பஸ்ஸிலேயே போய்விடலாம், வெள்ளை மணல், ஆழம் குறைந்த தண்ணீர். ஆனால் அது பலெர்மோவின் ஒரு புறநகர்தான். கடலில் குளித்து ஐஸ்கிரீம் சாப்பிட்டால் அன்றைய வேலை முடிந்தது. மச்சாள் வீட்டிலிருந்து ஒரு பின்னேரம் சும்மா போய்வர அது போதும், அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கத் தேவையில்லை. சான் வீத்தோ லோ காப்போவின் படங்களைப் பார்த்தால் மனம் அங்கேதான் இழுக்கும். தண்ணீர் உண்மையிலேயே அந்த நிறம்தான். ஆனால் அங்கே ரயில் இல்லை. பஸ்ஸில் போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம், வரவும் அவ்வளவு. ஆறு வயதுப் பிள்ளையோடும் முழங்கால் நோவோடும் அது ஒரு நாள் பயணம் இல்லை, ஒரு நாள் தண்டனை. செஃபலூவில் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் மணற்கடற்கரை, இன்னொரு பக்கம் பத்து நிமிட நடையில் தொள்ளாயிரம் வருடப் பழமையான தேவாலயம். முதியவரையும் பிள்ளைகளையும் ஒரே நாளில் சமாளிக்க இதைவிட வசதியான ஊர் இந்தக் கரையில் எனக்குத் தெரியாது.

காரைப் பற்றி உங்கள் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு எழுதியிருந்தீர்கள். தூரம் 70 கிலோமீட்டர்தான், நெடுஞ்சாலையும் நல்லதுதான். தொல்லை ஊருக்குள் நுழையும்போது தொடங்கும். இத்தாலியின் பழைய நகரங்களுக்குள் பெரும்பாலும் ‘ஸெத்தா-தி-எல்லே’ எனப்படும் வாகனக் கட்டுப்பாட்டு வலயம் இருக்கும். வாசலில் பொலிஸ்காரர் நிற்கமாட்டார், ஒரு கமெராதான் நிற்கும். நீங்கள் தெரியாமல் உள்ளே போய் வெளியே வருவீர்கள், ஒன்றும் நடக்காது. சில மாதம் கழித்து பாரிஸ் வீட்டுக்குத் தபாலில் தண்டம் வரும். வாடகைக் கார் என்றால் உங்கள் விலாசத்தைக் கொடுத்ததற்கு அந்த நிறுவனமும் தனியாக ஒரு கட்டணம் எடுக்கும். அதோடு ஜூலையில் வாகனம் நிறுத்த இடம் தேடுவது இன்னொரு சீவியம். நீலக்கோடு என்றால் காசு கட்ட வேண்டும், வெள்ளைக்கோடு இலவசம், மஞ்சள்கோடு ஊர்வாசிகளுக்கும் ஊனமுற்றோருக்கும் உரியது. வெள்ளைக்கோட்டில் காலை எட்டு மணிக்குப் பிறகு இடம் கிடைத்தால் லாட்டரி வாங்குங்கள்.

ரயில் பலெர்மோ சென்ட்ராலேயிலிருந்து புறப்படும். மெஸ்ஸினா போகும் பாதை. ஏறக்குறைய ஒரு மணி நேரம், சில ரயில்கள் கொஞ்சம் குறைவாகவும் எடுக்கும். பெரியவர்களுக்கு ஒரு வழி ஏழு யூரோ அளவில் வரும், பிராந்திய ரயில்களில் உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் அரை டிக்கெட். போகும்போது இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம். பகேரியா தாண்டிய பிறகு தண்டவாளம் தண்ணீருக்குக் கிட்டவே ஓடும் இடங்கள் வரும், பிள்ளைகளுக்குத் தொலைபேசி தேவைப்படாது. கடதாசி டிக்கெட் வாங்கினால் ஏறுமுன் மேடையில் இருக்கும் சிறிய இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். கைபேசியில் வாங்கினால் ‘செக்-இன்’ அழுத்த வேண்டும். இதை மறந்துவிட்டு, “காசு கொடுத்துத்தானே வாங்கினோம்” என்று பரிசோதகரிடம் வாதாடுபவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறோம். வாதம் எடுபடாது.

எந்த நாள் போவது என்பதையும் யோசியுங்கள். ஞாயிறு வேண்டாம். பலெர்மோவில் பாதிப்பேர் அன்று அதே ரயிலில் அதே கடற்கரைக்குக் குடையும் குளிர்பெட்டியும் தூக்கிக்கொண்டு போவார்கள், அம்மாவுக்கு இருக்க இடம் கிடைக்காது. செவ்வாய், புதன் நல்லது. முதல் நாள் இரவு இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, ரயில் வேலைநிறுத்தம். இத்தாலியில் அது முன்கூட்டியே அறிவிக்கப்படும். வேலைநாளில் வேலைநிறுத்தம் என்றாலும் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை சில பிராந்திய ரயில்கள் கட்டாயம் ஓடும். அதை நம்பிப் போக முடியும், ஆனால் பிள்ளைகளோடு போகாதீர்கள், நாளை மாற்றுங்கள். இரண்டாவது, சிரோக்கோ. ஆபிரிக்காப் பக்கமிருந்து வரும் சூட்டுக்காற்று. அது அடிக்கும் நாளில் வெப்பம் 40 பாகையைத் தொட்டுவிடும், பாலைவனத் தூசியில் வானமே மஞ்சளாகிவிடும். யாழ்ப்பாணத்து வைகாசி வெயில் பார்த்த அம்மாவே “இது என்ன கோதாரி” என்று கேட்பார். அன்று வீட்டில் இருங்கள்.

இப்போது வரிசைக்கு வருகிறேன். எல்லோரும் செய்வது: காலை போய் இறங்கியதும் பிள்ளைகள் கடலைக் கண்டு கத்த, நேரே மணலுக்குப் போவது. பதினொன்றரைக்குத் தலைக்கு மேல் வெயில். உப்பும் மணலும் ஒட்டிய பிள்ளைகளை உடுப்பு மாற்றி, ஈரத் துணிகளைத் தூக்கிக்கொண்டு, அந்த வெயிலில் ஊர் பார்க்க நடப்பது. அந்த நேரம் பார்த்துக் கடைகள் பூட்டுகின்றன, பல தேவாலயங்களும் மதியம் கதவடைக்கும். செஃபலூவின் கடற்கரை மேற்குப் பக்கம் பார்த்தது. அதன் நல்ல நேரம் நான்கு மணிக்குப் பிறகுதான். தண்ணீர் அப்போது காலையைவிடச் சூடாக இருக்கும், வெயிலின் உறைப்பும் மெல்ல இறங்கும், ஜூலையில் எட்டரை மணியளவில் சூரியன் இறங்குவதை மணலில் இருந்தபடியே பார்க்கலாம். கடலில் குளித்த களைப்போடு பிள்ளைகள் ரயிலில் தூங்கிவிடுவார்கள், அதற்கப்புறம் யாரும் எங்கும் நடக்கத் தேவையில்லை. பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்: கடல் பின்னேரம்தான், ஆனால் இருட்டும்வரை.

ஆகவே எட்டு மணியளவில் ரயில் ஏறுங்கள். ஒன்பது மணிக்கு நிலையத்தில் இறங்கி, கடற்கரைத் தெருவுக்குத் திரும்பாமல் பழைய ஊர்ப் பக்கம் நடந்தால் கரிபால்டி சதுக்கம், அங்கிருந்து கோர்சோ ருஜ்ஜேரோ. ஊரின் முதுகெலும்பு இந்தத் தெருதான், பெரிய ஏற்றம் இல்லை, கல் பதித்திருக்கிறது. அம்மாவுக்கு ரப்பர் அடியுள்ள சப்பாத்து போட்டுவிடுங்கள், அந்தக் கற்கள் பல நூற்றாண்டு நடையில் வழுவழுத்துப் போனவை. இந்தத் தெரு உங்களைத் தேவாலயச் சதுக்கத்தில் கொண்டுபோய் விடும்.

அந்தத் தேவாலயத்தை 1131இல் கட்டத் தொடங்கியவர் நோர்மன் அரசர் இரண்டாம் ருஜ்ஜேரோ. கடலில் புயலில் அகப்பட்டு, கரை சேர்ந்தால் அங்கே கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்பது ஊர்க்கதை. நம்புகிறீர்களோ இல்லையோ, நேர்த்திக்கடன் என்றால் அம்மாவுக்கு உடனே விளங்கும். அவர் தனக்கும் வம்சத்துக்கும் கல்லறையாக இதை நினைத்து, செந்நீலக் கல்லில் இரண்டு பேழைகள் செய்து உள்ளே வைத்தார். ஆனால் அவரைப் பலெர்மோவில்தான் புதைத்தார்கள். பேழைகளையும் பேரன் இரண்டாம் ஃபிரெடரிக் 1215இல் பலெர்மோவுக்கு எடுத்துக்கொண்டுபோய், பிறகு ஒன்றில் தானே படுத்துக்கொண்டார். 2015இல் யுனெஸ்கோ பலெர்மோவின் அரபு-நோர்மன் கட்டடங்களோடு இதையும் மொன்ரியாலே தேவாலயத்தையும் சேர்த்து உலக மரபுச் சொத்தாக அறிவித்தது.

வாசலுக்கு ஏறப் படிகள் உண்டு, அம்மாவை நிதானமாக ஏறவிடுங்கள். வெளியே நிற்கும்போது பெரிய பிள்ளையிடம் இரண்டு கோபுரங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேளுங்கள். இரட்டை மாதிரித் தெரியும், ஆனால் ஒன்றின் கூர்முடி நான்கு பக்கம், மற்றதன் முடி எட்டுப் பக்கம். உள்ளே நீண்ட மண்டபத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, நவீன வண்ணக் கண்ணாடிகள் எனக்குப் பிடித்ததும் இல்லை. நேரே முன்னால் போங்கள். அரைக்கோள விதானம் முழுவதும் பொன் பின்னணியில் கிறிஸ்துவின் மார்பளவு உருவம், சிறு சிறு கண்ணாடித் துண்டுகளால் பதித்தது. பைசாந்தியக் கைவினைஞர்களின் வேலை, 1148 என்று வருடமும் எழுதியிருக்கிறது. வலது கை ஆசீர்வதிக்கிறது, இடது கையில் விரித்த புத்தகம். “நானே உலகின் ஒளி” என்ற வசனம் ஒரு பக்கம் கிரேக்கத்தில், மறுபக்கம் லத்தீனில். நெற்றியைக் கவனியுங்கள்: வாரிய தலைமுடியிலிருந்து இரண்டு கற்றை தவறி விழுந்திருக்கிறது. அவ்வளவு பெரிய, கண்டிப்பான முகத்தில் அந்த இரண்டு மயிர்க்கற்றையைப் போட்டவன் யாரோ, அவனுக்கு ஒரு கும்பிடு. சின்னப் பிள்ளை இதைக் கண்டுபிடித்தாலே போதும், மற்ற எதையும் விளக்க வேண்டாம். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும். கடலுக்குப் போகிற கோலத்தில் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். காலையில் ஊர் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சதுக்கத்தில் ஒரு கோப்பிக்கடைக் குடையின் கீழ் அம்மாவை இருத்தி, தேசிக்காய் கிரனீத்தா (சாற்றை உறையவைத்த பனிக்குழம்பு) ஒன்று வாங்கிக் கொடுங்கள். மேசையில் இருந்தால் விலை கூட, நின்று குடித்தால் குறைவு. இங்கே இருப்பதற்குத்தான் காசு, கொடுங்கள். மலசலகூடமும் அங்கேயே முடிந்துவிடும்.

அதற்குள் நீங்கள் பிள்ளைகளோடு பக்கத்துத் தெருவில் மாந்த்ரலிஸ்கா அருங்காட்சியகத்துக்குப் போய்வரலாம். சிறியது, கட்டணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டுப் பிரபு ஒருவரின் சேகரிப்பு. எல்லோரும் தேடிப் போவது ஆந்தொனெல்லோ தா மெஸ்ஸினா 15ஆம் நூற்றாண்டில் வரைந்த ஒரு மனிதனின் முகத்தை. பெயர் தெரியாத அந்த ஆள் உதட்டோரம் ஒரு மாதிரிச் சிரிக்கிறான். அந்த நக்கல் சிரிப்பைத் தாங்காமல் ஒரு மருந்துக்கடைக்காரரின் மகள் முகத்தைக் கீறிவிட்டாள் என்று சொல்வார்கள். என் கண்ணுக்கு அதைவிட நல்லது ஒரு சட்டி. கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மண்கலம். அதில் மீன்காரர் ஒருவர் பெரிய கத்தியோடு கட்டையில் கிடக்கும் சூரையை வெட்டப்போகிறார், எதிரே வாங்க வந்த கிழவர் காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். “இந்தக் காசுக்கு இவ்வளவுதானா?” என்று அவர் கேட்பது காதில் விழும். பிள்ளைகள் சிரிப்பார்கள். மேலே ஆயிரக்கணக்கான சிப்பி, சங்கு வகைகளும் இருக்கின்றன. அரை மணி நேரம் தாராளமாகப் போதும்.

அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து விட்டோரியோ எமானுவேலே தெருவுக்கு இறங்குங்கள். அங்கே லவத்தோயோ, அதாவது ஊர்ப்பெண்கள் துணி துவைத்த பழைய துறை. அனுமதி இலவசம். சிப்பிகள் படிந்து உறைந்த கல்லால் ஆன வளைபடிகளில் கீழே இறங்க வேண்டும். படிகள் அகலம், ஆனால் ஈரம். அம்மா மேலே நின்று எட்டிப் பார்த்தாலே எல்லாம் தெரியும். பாறைக்குள்ளிருந்து வரும் செஃபலீனோ ஆற்று நீர் 22 இரும்பு வாய்களால் விழுகிறது, அதில் 15 வாய்கள் சிங்கத்தலை. விழும் நீர் கல்தொட்டிகளில் நிறைந்து கடலுக்கு ஓடுகிறது. தொட்டியோரம் துணி தேய்க்கச் சாய்த்து வைத்த கற்களைத் தடவிப் பாருங்கள். வெள்ளியைவிடத் தூய்மை, பனியைவிடக் குளிர் என்று வாசலில் கல்வெட்டுப் பெருமை பேசுகிறது. பிள்ளைகள் கையை விட்டுப் பார்த்தால் பெருமை சும்மா இல்லை என்று தெரியும். ஜூலை மதியத்தில் இந்த ஊரில் இதுதான் மிகக் குளிர்ந்த இடம்.

சாப்பாடு. பன்னிரண்டரைக்கே போய் இருந்துவிடுங்கள், இரண்டரைக்கு மேல் பல இடங்களில் அடுப்பு அணைந்துவிடும். அதன்பின் மாலை ஏழரைவரை ஒழுங்கான சாப்பாடு கிடைப்பது கடினம். சிசிலியில் மரக்கறிக்காரர் பட்டினி கிடக்கத் தேவையில்லை, ஆனால் பார்வைக்கு மரக்கறியாக இருப்பதெல்லாம் மரக்கறி இல்லை. ஸ்ஃபின்ச்சோனே என்ற தடித்த ரொட்டி வெறும் தக்காளியும் வெங்காயமும் போலத் தெரியும், உள்ளே நெத்தலி கரைந்திருக்கும். அரஞ்சினா என்பது பொரித்த சோற்றுருண்டை; வெண்ணெய் அரஞ்சினா என்று கேட்டு வாங்கினால் அதற்குள் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். கீரை வைத்தது இருந்தால் அதைக் கேளுங்கள். பயமில்லாமல் வாங்கக்கூடியது பாஸ்தா அல்லா நோர்மா: தக்காளி, பொரித்த கத்தரிக்காய், மேலே துருவிய உப்பு ரிக்கொத்தாச் சீஸ். கப்பொனாத்தாவும் கத்தரிக்காய்தான், புளிப்பும் இனிப்பும் கலந்தது, அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். ஆனால் மீன் சேர்த்துச் செய்பவர்களும் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். பனெல்லே கிடைத்தால் விடாதீர்கள். கடலைமாவைக் கிண்டி, ஆறவைத்து, வெட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருவார்கள், பிள்ளைகளும் விரும்புவார்கள். “சென்ஸா கார்னே, சென்ஸா பேஷ்ஷே” என்று சொல்லுங்கள், இறைச்சியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று அர்த்தம். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் சூரை வரும். பில்லில் தலைக்கு இவ்வளவு என்று ‘கொப்பெர்த்தோ’ எனும் மேசைக் கட்டணம் போட்டிருப்பார்கள், ஏமாற்று இல்லை, வழக்கம். மச்சாள் புளிச்சோறு கட்டித் தருகிறேன் என்றால் மறுக்காதீர்கள், மாலைப்பசிக்கு மணலில் வைத்துச் சாப்பிட அதுபோல் வராது.

மலையைப் பற்றி. ஊருக்குப் பின்னால் நிற்கும் லா ரோக்கா 270 மீட்டர் உயரம். நடுவில் தியானா கோயில் என்று சொல்லப்படும் பழைய கற்கட்டடம், உச்சியில் கோட்டை இடிபாடு, அங்கிருந்து கூரைகளும் கடலும் தெரியும் காட்சி பிரமாதம், பொய் சொல்லவில்லை. ஆனால் கல்படி, நிழல் கிடையாது, உச்சிவரை ஒரு மணி நேரம் ஏற வேண்டும். அம்மாவுக்கு முடியாது, ஆறு வயதுப் பிள்ளை பாதியில் தோளில் ஏறும். உங்கள் வீட்டுக்காரருக்கும் மூத்த பிள்ளைக்கும் அடங்காத ஆசை என்றால் இருவரும் காலை மலைப்பாதை திறந்தவுடன் தியானா கோயில்வரை போய் இறங்கட்டும், செருப்போடு வேண்டாம், ஆளுக்கு ஒன்றரை லீட்டர் தண்ணீர். எல்லோருக்கும் பொதுவான காட்சி வேண்டுமென்றால் மார்க்கியஃபாவா முனைக் கொத்தளம் இருக்கிறது. ஏறத் தேவையில்லாமல் கடலுக்கு மேல் நின்று பார்க்கலாம்.

மூன்றரை மணிக்குக் கடற்கரை. மணல் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது, ஆழம் மெதுவாகத்தான் கூடும், ஆறு வயதுக்கு ஏற்றது. பழைய ஊருக்குக் கிட்டிய பக்கம் இலவசம், அப்பால் போகப்போகத் தனியார் ‘லீதோ’க்கள், குடையும் சாய்கட்டிலும் வாடகைக்கு. இளவயதில் இலவச மணலே போதும். உங்களுக்கு நான் சொல்வது காசு கட்டுங்கள். அம்மா மணலில் கீழே இருந்து எழும்ப முடியாது, சாய்கட்டிலும் நிழலும் மலசலகூடமும் அவருக்குத் தேவை. சில லீதோக்கள் பின்னேரத்துக்கு விலை குறைப்பார்கள், கேளுங்கள். முதல் வரிசைக்குக் கூடுதல் காசு, மூன்றாம் வரிசையிலிருந்தும் பிள்ளைகள் கண்ணில் படுவார்கள். சாப்பாட்டுப் பொதி பிரிக்கலாமா என்றும் கேட்டுவிடுங்கள், சில இடங்களில் முகம் சுளிப்பார்கள்.

சிவப்புக்கொடி என்றால் இறங்க வேண்டாம். சில வாரங்களில் ஊதா நிறச் சொறிமுட்டை வரும், பட்டால் நெருப்பாக எரியும். தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரில் கழுவவும் கூடாது. கடல்நீரால் கழுவிவிட்டு உயிர்காப்பாளரிடமோ மருந்துக்கடையிலோ காட்டுங்கள். கடலில் ஆபத்து என்றால் கரையோரக் காவலுக்கு 1530, மற்ற எல்லாவற்றுக்கும் 112. மணலில் கைப்பை விற்றுக்கொண்டு வருபவர்களிடம் பெரிய பெயர் பொறித்ததை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள், போலிப் பொருள் வாங்கியவருக்கும் இங்கே தண்டம் உண்டு.

நீங்கள் வரும் வாரம் பலெர்மோவின் காவல் புனிதையான சாந்தா ரோசலியாவின் திருவிழா அப்போதுதான் முடிந்திருக்கும், ஜூலை 14 இரவும் 15உம்தான் அது. மொந்தே பெல்லெக்ரினோ மலைக்குகையில் இருக்கும் அந்த அம்மனிடம் பலெர்மோத் தமிழர், சைவர் உட்பட, வாரந்தோறும் போவது உங்கள் மச்சாளுக்குத் தெரியாமல் இராது. உங்கள் அம்மாவும் கேட்பார். அதைச் செஃபலூ நாளோடு ஒட்டப் பார்க்காதீர்கள், நகரப் பஸ்ஸே மேலே போகிறது, வேறொரு காலையில் போங்கள். பயணத்தை ஓகஸ்டுக்குத் தள்ள முடிந்தால் இன்னொன்று சொல்வேன்: ஓகஸ்ட் 2 முதல் 6 வரை செஃபலூவின் சான் சல்வதோரே விழா. கடைசி நாள் பழைய துறைமுகத்தில் கடலுக்கு மேல் நீட்டிய, கொழுப்புத் தடவிய மரத்தில் இளைஞர்கள் நடந்துபோய் நுனியில் இருக்கும் கொடியைப் பறிக்க வேண்டும், வழுக்குமரம்தான், படுக்கப்போட்டது. சனம் நெரியும், ஆனால் பிள்ளைகளுக்கு அதைவிட என்ன வேண்டும்.

திரும்பும் ரயிலின் நேரத்தைக் காலையிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசி ரயிலை நம்பாமல் அதற்கு முந்தியதைக் குறிவையுங்கள். கடற்கரையிலிருந்து நிலையம் மெல்லிய ஏற்றம், அம்மாவோடு இருபது நிமிடம் வைத்துக்கொண்டால் அவசரப்பட வேண்டியிராது. இரவில் நிலையத்துக் கோப்பிக்கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போகாமல், தண்ணீரும் பிள்ளைகளுக்கு ஏதாவது கொறிக்கவும் முதலே வாங்கிவிடுங்கள்.